பிரசாதத்தை மறுக்கலாமா?

மார்கழி விடியற்காலை. பெருமாளைச் சேவித்துவிட்டு வரிசையில் நிற்கிறீர்கள். அண்டாவிலிருந்து ஆவி பறக்க வெண்பொங்கலை எடுத்து, ஒரு கப்பில் வைத்து நீட்டுகிறார் தொண்டர். மெல்லிய பிளாஸ்டிக் கப். சூடு பட்டதுமே நெளிகிறது. வாங்குவதா, வேண்டாமா?

'பகவானின் பிரசாதம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?' என்பவர்கள் உண்டு. அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல நமக்கு ஏது தகுதி? ஆனால், ஒன்று. பிரசாதம்தான் பகவானுடையது, கப் நாம் கடையில் வாங்கியது. இத்தனைக்கும் 2019 ஜனவரி 1 முதல் இந்தக் கப்புகளுக்குத் தமிழகத்தில் தடை இருக்கிறது!

நைவேத்தியம் செய்யும் நாளில் உங்கள் சமையலறையில் எத்தனை கட்டுப்பாடு! குளித்துவிட்டுத்தான் அடுப்பை மூட்டுவீர்கள். உப்பு சரியா என்று நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டீர்கள். வாயில் பட்ட கரண்டி மறுபடி பாத்திரத்துக்குள் போகாது. எச்சில் கண்ணுக்குத் தெரிகிறதா என்ன? தெரியாவிட்டாலும் பட்டது பட்டதுதான் என்பது பாட்டிமார் வைத்த கணக்கு. பிளாஸ்டிக்குக்கும் அந்தக் கணக்கே பொருந்தும்.

ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறிய பிளாஸ்டிக் துணுக்குகளை 'மைக்ரோபிளாஸ்டிக்' என்கிறார்கள். பெரும்பாலானவை கண்ணுக்கே தெரியாதவை. 2004-ல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் தாம்ஸன் இதைப் பற்றி எழுதியபோது, அது கடலைப் பற்றிய கவலையாக இருந்தது. 2021-ல் வெளியான இத்தாலிய ஆய்வு, ஆறு தாய்மாரில் நால்வரின் நஞ்சுக்கொடியில் இந்தத் துணுக்குகளைக் கண்டது. மறு வருடம் நெதர்லாந்தில் 22 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில், 17 பேரிடம் பிளாஸ்டிக் இருந்தது.

'காகிதக் கப்தானே, பரவாயில்லை' என்று நினைக்காதீர்கள். நனையாமல் இருப்பதற்காக அதன் உட்புறத்தில் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருப்பார்கள். கரக்பூர் ஐ.ஐ.டி.யில் அந்தக் கப்பில் 100 மில்லி சுடுநீரை ஊற்றி 15 நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். சுமார் 25,000 துணுக்குகள் நீரில் கலந்திருந்தன! வாழை இலை போலப் பச்சை அச்சடித்து வரும் தாள் இலைகளும் பெரும்பாலும் இதே ரகம்தான்.

துணுக்குகள் மட்டுமல்ல. பிளாஸ்டிக்கை வளைந்து கொடுக்கச் செய்யும் தாலேட், கெட்டியான சில பிளாஸ்டிக்குகளில் உள்ள பிஸ்பீனால்-ஏ போன்ற ரசாயனங்கள் நம் ஹார்மோன்களின் வேலையைக் குழப்பக்கூடியவை. உணவுப் பாத்திரங்களில் பிஸ்பீனால்-ஏ கூடாது என்று 2024 டிசம்பரில் ஐரோப்பிய யூனியன் முடிவெடுத்தது. சூடும் எண்ணெயும் சேர்ந்தால் இப்படிப்பட்டவை சுலபமாக உணவில் இறங்கும். நெய் வழியும் சர்க்கரைப் பொங்கல், நல்லெண்ணெய் மினுக்கும் புளியோதரை... நம் பிரசாதங்களில் சூடும் இருக்கிறது, நெய்யும் எண்ணெயும் இருக்கின்றன!

சரி, இதனால் நோய் வருமா? 2024-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக இத்தாலிய மருத்துவர்கள், கழுத்து ரத்தக் குழாயிலிருந்து கொழுப்புப் படிவை நீக்கிக்கொண்ட 257 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். படிவில் பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு, அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ நேரும் அபாயம் மற்றவர்களைவிடச் சுமார் நாலரை மடங்கு இருந்தது. பிளாஸ்டிக்தான் காரணம் என்று அவர்கள் அடித்துச் சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன, அவ்வளவுதான்.

முழுதாக நிரூபிக்கப்படாத ஒன்றுக்காகப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டுமா? பாலில் பல்லி விழுந்திருக்குமோ என்று சந்தேகம் வருகிறது. லேபுக்கு அனுப்பி ரிசல்ட் வரும்வரை அந்தப் பாலையே குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டா இருப்பீர்கள்? நாம் குடிப்பதென்றால் 'போகட்டும்' என்று விட்டுவிடலாம். இன்னொருவருக்குக் கொடுக்கும்போது அப்படி விட நமக்கு உரிமை கிடையாது.

ஆகவே, வாங்குகிறவருக்கு ஒரு தர்மம், கொடுக்கிறவருக்கு வேறொரு தர்மம் என்றே எனக்குத் தோன்றுகிறது. வாங்குகிறவர் மறுக்க வேண்டாம். ஒரு கப் பொங்கலால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. நீட்டிய கையைத் தட்டிவிட்டால் அந்தத் தொண்டரின் மனசுதான் நோகும். அர்ச்சனைக் கூடையில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா இருந்தால் சங்கடமே இல்லை. ஆனால், கொடுக்கிறவருக்குச் சாக்கு கிடையாது. 'பாத்திரமறிந்து பிச்சையிடு' என்பார்கள். வாங்குகிறவரின் தகுதியை அறிந்து கொடு என்பது அதன் பொருள். இன்றைக்கு அந்தப் 'பாத்திர'த்தை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது!

வீட்டிலும் முதலில் சூட்டைத்தான் கவனிக்க வேண்டும். சுடச்சுட எதையும் பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டாதீர்கள். மைக்ரோவேவில் பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம். கீறல் விழுந்த பழைய டப்பாக்களைச் சமையலறையிலிருந்து விலக்கிவிடுங்கள். துணிகளின் செயற்கை இழைகளும் வீட்டுத் தூசியில் கலந்திருக்கும் என்பதால், பெருக்குவதோடு விடாமல் ஈரத்துணியால் துடைப்பது நல்லது.

உப்புத் தண்ணீர் வரும் வீடுகளுக்கு ஓர் ஆறுதல். கடின நீரைக் கொதிக்கவைத்து வடிகட்டினால், துணுக்குகள் 90 சதவிகிதம் வரை குறையலாம் என்று 2024-ல் சீனாவின் குவாங்சோவில் கண்டறிந்தார்கள். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்புதான் துணுக்குகளையும் இழுத்துக்கொண்டு தங்கிவிடுகிறது. நீர் மென்மையாக இருந்தால் பலன் குறைவு.

'இதையும் எங்கள் தலையில்தான் கட்டுவீர்களா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஹோட்டல் சாம்பாரைக் கவரில் கட்டிக்கொண்டு வருவது பெரும்பாலும் நீங்கள் இல்லையே! இனி போகிறவர் கையில் தூக்கைக் கொடுத்தனுப்புங்கள்.

அடுத்த முறை பேரன் பிறந்தநாளுக்கோ, ஒரு வேண்டுதலுக்கோ கோயிலில் பிரசாதக் கட்டளைக்குப் பணம் கட்டும்போது, 'எதில் வைத்துக் கொடுப்பீர்கள்?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். 'தொன்னை என்றால் கொஞ்சம் கூட ஆகும் மாமி' என்பார்கள். அரிசி எத்தனை படி, நெய் எவ்வளவு என்றெல்லாம் விசாரித்துப் பணம் கட்டுகிறீர்கள். தொன்னைக்கும் சேர்த்தே ரசீது போடச் சொல்லிவிடுங்கள்.