நெருங்காமையும் அருளே

பிற உயிர்களிடத்து அன்பு வேண்டும் என்பதில் நம்முள் கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும் அன்பு என்று நாம் கருதிச் செய்வன யாவும் அவ்வுயிர்களுக்கு நன்மை பயக்குமா என்னும் வினாவிற்கு விடை காண்பது எளிதன்று. பசித்த உயிருக்கு உணவிடுதலை இல்லறத்தாரின் கடமையாகப் போற்றி வந்தவர்கள் நாம். உணவிடுதலே ஓர் உயிரின் முடிவிற்கு வழிகோலும் இடமும் உண்டு என்றால் நமக்கு வியப்பு உண்டாகலாம். மேற்குக் கனடாவின் மலைச்சாலைகள் அத்தகையன.

ஆல்பர்ட்டா மாகாணத்தில் லூயிஸ் ஏரியிலிருந்து ஜாஸ்பர் நகர் வரை சுமார் 230 கிலோமீட்டர் தொலைவிற்கு ‘ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே’ என்னும் சாலை செல்கிறது. ராக்கி மலைத்தொடரின் பனிமுடிகளுக்கு இடையே, பான்ஃப், ஜாஸ்பர் என்னும் இரு தேசியப் பூங்காக்களின் ஊடே அமைந்தது அது. இடைவழியில் ஊர்கள் இல்லை. பெரும்பகுதியில் கைப்பேசித் தொடர்பும் இல்லை. இவ்வழியே தன்னந்தனியாகக் காரோட்டிச் செல்வோர் பலர். தனிமையை விரும்பிப் புறப்பட்டவரின் உள்ளமும் ஓரிரு நாட்களில் துணையை நாடத் தொடங்கும். அவ்வேளையில் சாலையோரத்தில் ஒரு கருங்கரடியோ, பெரிய கொம்புடைய மலையாடோ நிற்பதைக் கண்டால் வண்டியை நிறுத்தவும், அருகில் செல்லவும், கையிலுள்ள ரொட்டித் துண்டை வீசவும் மனம் உந்துகிறது. காண்பாரும் இல்லை, கடிவாரும் இல்லை.

விளைவு என்ன? மனித உணவைச் சுவைத்த கரடி அதனை மறப்பதில்லை. காட்டுக் கனிகளைத் தேடி அலைவதை விடுத்துச் சாலையையும் கூடாரங்களையும் நாடி வருகிறது. மனிதரைக் கண்டு விலகும் இயல்பை இழக்கிறது. பின்னர் அது வண்டியில் அடிபட்டு மடிகிறது; அன்றேல், மக்களுக்கு ஊறு நேரும் என்று அஞ்சிப் பூங்கா அலுவலர்களே அதனைக் கொல்ல நேர்கிறது. பான்ஃப் பகுதியில் குப்பை மேடுகளுக்கு வரும் கரடிகளைப் பயணிகள் கூடிநின்று வேடிக்கை பார்த்த காலமும் இருந்தது. 1980ஆம் ஆண்டில் பான்ஃப் நகரருகே கரடி தாக்கி ஒருவர் உயிரிழந்தார், கரடிகளும் கொல்லப்பட்டன. அதன் பின்னரே கரடிகள் திறக்க இயலாத குப்பைத் தொட்டிகள் அங்கு நிலைபெற்றன. இன்று கனடாவின் தேசியப் பூங்காக்களில் விலங்குகளுக்கு உணவிடுவோர்க்கு 25,000 டாலர் வரை தண்டம் விதிக்கலாம். கரடியினின்று 100 மீட்டரும், மான், மலையாடு முதலியவற்றினின்று 30 மீட்டரும் விலகி நிற்றல் வேண்டும் என்பது அறிவுரை.

உணவிடாது, கண்டு மகிழ மட்டும் நிற்பதில் தீங்கென்ன என்று கேட்கலாம். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் யோஹோ தேசியப் பூங்காவில் அரிய வெண்ணிறக் கரடி ஒன்று வாழ்ந்தது. மக்கள் அதனை ‘நகோடா’ என்று அழைத்தனர். சாலையோரத்துச் செடிகளை மேய வந்த அதனைக் காணவும் படமெடுக்கவும் வண்டிகள் நின்றன. அலுவலர்கள் வேலியைச் செப்பனிட்டனர். வண்டிகள் நிற்கலாகாத பகுதி என்று அறிவித்தனர். கரடியைச் சாலையினின்று அகற்றவும் முயன்றனர். 2024 ஜூன் 6 அன்று அதன் இரு குட்டிகளும் வண்டி மோதி இறந்தன. அன்றே தாயும் அடிபட்டுப் பின்னர் உயிர் நீத்தது. அதனைக் கொல்ல எண்ணியவர் எவருமில்லை. காண நின்றோரும் அதனை விரும்பியோரே. ஆயினும் மனிதரையும் வண்டிகளையும் கண்டு அஞ்சாத பழக்கம் அதற்கு அரணாகவில்லை.

தொடர்புடையாரிடத்துச் செல்வது அன்பு. தொடர்பு கருதாது எல்லா உயிர்கள் மேலும் செல்வது அருள் என்று நம் உரையாசிரியர்கள் வேறுபடுத்துவர். இவ்வேறுபாடு இங்கு நமக்கு வழிகாட்டுகிறது. நம் வீட்டுப் பசுவும் தெரு நாயும் நம்மைச் சார்ந்து வாழ்வன. அவற்றின் பசி நம் பொறுப்பு. காட்டு விலங்கோ நம்மைச் சாராது வாழ வல்லது. நம்மிடம் அதற்குள்ள அச்சமே அதன் கோட்டை. நாம் வீசும் ஒரு துண்டு ரொட்டி அக்கோட்டையில் விழும் துளையாகும். தனித்துச் செல்பவர் கரடியிடம் தேடுவது தம் தனிமைக்குத் துணையே. அவர் தீர்த்துக்கொள்வது தம் பசியையே அன்றிக் கரடியின் பசியை அன்று. அவர் மறுநாள் வேறோர் ஊரில் இருப்பார். விளைவைச் சுமந்து அங்கே நிற்பது அவ்விலங்கு.

செலவிலும் இவ்விழிப்பு வேண்டும். நம் துறவியர் நான்கு முழ நிலத்தை முன்னோக்கி, சிற்றுயிர்க்கும் ஊறு நேராவண்ணம் அடியெடுத்து வைப்பர். ஐஸ்ஃபீல்ட்ஸ் சாலையில் விதித்துள்ள உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். அவ்வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 25 மீட்டர் கடக்கிறது. விலங்குகள் நடமாடும் வைகறையிலும் அந்தியிலும் வேகத்தைத் தணித்துச் செல்லுதல் இல்லறத்தார் கைக்கொள்ளக் கூடிய நோன்பேயாகும்.

பான்ஃப் பூங்காவினூடே செல்லும் பெருஞ்சாலையில் விலங்குகள் கடப்பதற்கென 6 மேம்பாலங்களும் 38 கீழ்வழிகளும் வேலியுடன் அமைந்துள்ளன. இவற்றால் விலங்குகள் வண்டியில் மோதுண்பது 80 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்தது. கரடியும் ஓநாயும் மானும் அவ்வழிகளில் கடக்கின்றன. சாலையில் செல்வோர் அதனை அறிவதுமில்லை. நன்மை பெறும் உயிர் செய்தவரை அறியாது. செய்தவரும் அதனை நெருங்கார். அருள் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

கரடியைக் கண்டும் நில்லாது, வேகத்தைத் தணித்து அமைதியாகக் கடந்து செல்லும் தனிப் பயணியிடம் காட்டுவதற்குப் படம் இராது. உரைப்பதற்குக் கதையும் இராது. கரடி மட்டும் தன் மேய்ச்சலைத் தொடரும். கொடுப்பதில் உள்ள அறத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்பித்து வந்துள்ளோம். விலகி நிற்பதில் உள்ள அறத்தையும் அவர்களுக்குக் கற்பிப்போமாக.