இயந்திரத்தின் உதவி யாருடைய அறம்?

எண்ணமே செயலின் வேர் என்கிறது பௌத்தம். எண்ணமே இல்லாத இயந்திரம் செய்யும் உதவியை அப்படியானால் அறம் எனலாமா? 2017 செப்டம்பரில் மரியா புயல் புவேர்ட்டோ ரீக்கோவின் செல்போன் கோபுரங்களில் பெரும்பாலானவற்றை முடக்கியது. சுமார் 20 கிலோமீட்டர் உயரத்தில், காற்றோட்டத்தைக் கணினியே தேர்ந்து மிதந்த, லூன் என்ற திட்டத்தின் பலூன்கள் அங்கே செல்போன் இணைப்புத் தர ஏறத்தாழ ஒரு மாதமாயிற்று. 2019இல் பெருவில் நிலநடுக்கம் வந்தபோதோ இரண்டே நாள். அங்கே தரைநிலையங்களும் தொலைபேசி நிறுவனத்துடனான ஏற்பாடும் முன்பே இருந்தன. எண்ணம் பலூனில் இல்லை. துயரம் வருமுன்னரே அதற்காக உழைத்தவர்களிடம் இருந்தது. முகமறியாதவர்க்காக முன்கூட்டியே பட்ட அந்தப் பாட்டைத்தான் நான் அறம் என்பேன்.

தண்ணீரும் மருந்தும் கிடைக்காதவர்களுக்குச் சிக்னல் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் டயாலிசிஸ் நோயாளி எந்த ஊரில் தவிக்கிறார் என்று தெரியாமல் மருந்து வண்டி எங்கே போகும்? பிள்ளை உயிரோடிருக்கிறானா என்றறியாத தாய்க்குச் சோறு இறங்குமா? அந்த இணைப்பைத் தந்த லூன் திட்டமோ 2021இல் மூடப்பட்டது. வணிகமாக அது நிலைக்கவில்லை. அடுத்த புயலுக்கான ஒப்பந்தங்களை லாபக் கணக்கிடம் விடாமல் அரசுகளே இப்போது செய்துவைக்க வேண்டும்.