கல்லூரி மாற நினைக்கும் பிள்ளை



பிள்ளை சுயநிதிக் கல்லூரியில் ஓராண்டு முடித்திருக்கிறான். நிர்வாக ஒதுக்கீட்டில் வாங்கிய இடம். முதலாண்டுக் கட்டணத்திற்கே உம்மாவின் நகை போய்விட்டது. "வாப்பா, நான் வேறு கல்லூரிக்கு மாறிக்கொள்கிறேன். செலவும் குறையும், நான் விரும்பும் பாடமும் அங்கேதான் இருக்கிறது" என்கிறான். உடனே வீட்டில் அழுகை. பாதியில் விட்டு வந்தால் ஊர் என்ன சொல்லும்?

ஊர்ச் சொல்லுக்கு அஞ்சி வட்டிக்கடைக்கு நடக்கும் குடும்பங்கள் நம் மஹல்லாக்களில் இல்லையா? வட்டியைத் திருக்குர்ஆன் எத்துணைக் கடுமையாக எச்சரிக்கிறது என்பதை அறியாதவர்களா அவர்கள்? அல்லாஹ்வுக்கு அஞ்சுவதைவிட அண்டை வீட்டாருக்கு அஞ்சுகிறோம்!

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களைப் பாருங்கள். ஹிஜ்ரி 150-ல் பிறந்த அவர்கள் தந்தையை இழந்த பிள்ளை. ஆசிரியருக்குக் கொடுக்கத் தாயாரிடம் பொருளில்லை. ஆசிரியர் எழுந்து சென்ற வேளைகளில் மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அதுவே கட்டணத்திற்கு ஈடாயிற்று. காகிதத்திற்கு வழியின்றி எலும்புகளில் எழுதினார்கள். மக்காவில் கற்றதோடு நில்லாமல் மதீனா சென்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் அமர்ந்தார்கள். பிறகு ஈராக்கில் இமாம் முஹம்மது இப்னு ஹஸன் (ரஹ்) அவர்களிடம் கற்றார்கள். பாதியில் விட்டு வந்தவர் என்று அவர்களை யார் சொன்னார்? நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் அவர்களுடைய மத்ஹபின்படிதான் தொழுகிறோம்!

ஆனால் அவர்கள் இடம் மாறியது கல்வியைத் தேடி. கல்விக்குப் பயந்து அல்ல. பிள்ளையின் நிய்யத்தை விசாரியுங்கள். விடுதிச் சாப்பாடு பிடிக்கவில்லை, கூட்டாளி அங்கே படிக்கிறான் என்பவை காரணங்களாகா. அவன் விரும்பும் பாடம் இப்போதைய கல்லூரியில்தான் சிறப்பாக இருக்கிறதென்றால், மாறாமல் இருந்து, வட்டியில்லாக் கடனுக்கு உறவினரையோ ஜமாஅத்தையோ அணுகுவதே நல்லது.

எல்லாக் காரியங்களிலும் இஸ்திகாரா செய்ய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரியில் இருக்கிறது. ஃபர்ளல்லாத இரண்டு ரக்அத், பிறகு துஆ. சிலர் கனவில் பச்சை தெரிந்ததா, வெள்ளை தெரிந்ததா என்று காத்துக் கிடக்கிறார்கள். அந்த ஹதீஸில் கனவைப் பற்றிய பேச்சே இல்லை!

மஷ்வராவும் வேண்டும். விவரம் தெரியாத பெரியப்பாவிடம் மட்டும் கேட்டால் போதாது. அந்தக் கல்லூரியில் படிப்பவரிடம் கேளுங்கள். நேரே இரண்டாமாண்டில் சேர்ப்பார்களா? தேறிய பாடங்களை ஏற்பார்களா? பல்கலைக்கழக அனுமதி உண்டா? உதவித்தொகை தொடருமா? ஓராண்டு வீணாகுமென்றால் அந்த ஆண்டுச் செலவையும் கணக்கில் சேருங்கள். புதிய இடம் எழுத்தில் உறுதியாகும்வரை பழைய இடத்தை விடாதீர்கள்.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாதெனப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் அறிவித்தது. அதற்காக நியாயமான பாக்கியைக் கொடுக்காமல் நழுவலாகாது, அதுவும் கடன்தான். ஒரு செல்வந்தர் இன்ன கல்லூரிக்கென்று குறிப்பிட்டுத் தந்த பணம் மிச்சமிருந்தால், அவரிடம் விஷயத்தைச் சொல்லி, சம்மதம் பெற்ற பிறகே புதிய கல்லூரியில் கட்டுங்கள்.