மேய்ப்பரின் தனிமையும் சபையாரின் கடமையும்

ஒரு திருச்சபை தன் போதகரிடம் எதிர்பார்ப்பவை பல. ஞாயிறு ஆராதனை, நோயாளியின் படுக்கையருகே ஜெபம், திருமணம், அடக்க ஆராதனை, புதுமனைப் பிரதிஷ்டை, கட்டட நிதிக் கணக்கு, சபையாருக்குள் மூண்ட பிணக்குகளுக்குச் சமரசம் என்று அது நீண்டுகொண்டே போகும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் தேவனோடு நெருங்கி வாழ்பவராக இருக்க வேண்டும் என்றும் சபை விரும்புகிறது. முன்னவற்றுக்கெல்லாம் அவருடைய நேரத்தைக் கேட்கும் சபை, பின்னதற்கு வேண்டிய நேரத்தை அவருக்கு விட்டுவைக்கிறதா? இக்கேள்வியைப் போதகர் வாய்விட்டுக் கேட்க இயலாது. கேட்டால், கடமையைத் தட்டிக்கழிக்கிறார் என்ற பெயரே மிஞ்சும். ஆகவே சபையார் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

ஆதித் திருச்சபைக்கும் இந்த நெருக்கடி நேர்ந்தது. எருசலேமில் நாள்தோறும் நடந்த உணவுப் பகிர்வில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படவில்லை என்ற முறைப்பாடு எழுந்ததை அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரம் கூறுகிறது. பசித்தவர்களின் குறையாதலால் அது நியாயமான முறைப்பாடே. பன்னிரு அப்போஸ்தலர்கள் அதை அலட்சியம் செய்யவில்லை. தாங்களே பந்தியைக் கவனிக்கவும் முற்படவில்லை. ஜெபத்துக்கும் திருவசனப் பணிக்கும் தங்களை ஒதுக்கிக்கொண்டு, இப்பணிக்கு ஏழு பேரைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பைச் சபையிடமே ஒப்படைத்தார்கள். அந்த எழுவருக்கும் வகுக்கப்பட்ட தகுதி கவனிக்கத்தக்கது. கணக்கறிவோ செல்வாக்கோ கேட்கப்படவில்லை. நற்பெயரும் தெய்வ ஆவியும் ஞானமும் உடையவர்களே தேடப்பட்டார்கள். ஜெபம் மேலான வேலை, பந்தி விசாரணை தாழ்ந்த வேலை என்ற பாகுபாட்டுக்கு அங்கே இடமில்லை. எழுவரில் ஒருவரான ஸ்தேவானே திருச்சபையின் முதல் இரத்தசாட்சியாக மடிந்தார்.

போதகரின் சுமையைக் குறைத்தால் போதும் என்று எண்ணுவதிலும் ஓர் அபாயம் உண்டு. ‘அவர் நமக்காக ஜெபிக்கிறார், நாம் மற்ற வேலைகளைப் பார்ப்போம்’ என்று சபையார் அமைதியடைந்துவிடலாம். அப்போது அவருடைய பக்தி சபையாரின் பக்திக்குப் பதிலீடாகிவிடும். ஒரு சபை போதகரின் பக்தியைத் தாங்கி நிற்கிறதா, அதன்மேல் சாய்ந்து உறங்குகிறதா என்பது, பெரும்பாலும் அவர் இல்லாத நாள்களில்தான் வெளிப்படும்.

ஸ்காட்லாந்தின் டண்டி நகரத்துப் புனித பேதுரு சபைக்கு அத்தகைய நாள்கள் வந்தன. ஆலைகளும் நெருக்கமான குடியிருப்புகளும் பெருகியிருந்த அந்நகரில், 1836-ஆம் ஆண்டு ராபர்ட் முர்ரே மெக்செயின் போதகராக அபிஷேகம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 23. அதிகாலையில் ஜெபத்திலும் வேத தியானத்திலும் அமர்வதும், பகலில் வீடு வீடாகச் செல்வதும் அவர் வழக்கம். 1838-இன் இறுதியில் உடல்நலம் குன்றி, ஓய்வுக்காக எடின்பரோவிலிருந்த பெற்றோர் இல்லத்துக்குச் சென்றார். அங்கிருந்து சபையாருக்குத் தொடர்ந்து கடிதங்கள் எழுதினார். 1839 வசந்த காலத்தில், யூதர்களின் நிலையைக் கண்டறிய ஸ்காட்லாந்து திருச்சபை பாலஸ்தீனத்துக்கு அனுப்பிய குழுவில் ஒருவராகப் புறப்பட்டார். வில்லியம் சால்மர்ஸ் பர்ன்ஸ் என்ற 24 வயது இளைஞர் அவருக்குப் பதிலாகச் சபையைக் கவனித்துக்கொண்டார். அவ்வாண்டு ஆகஸ்டில், பர்ன்ஸ் பிரசங்கித்துக்கொண்டிருந்த அந்நாள்களில், டண்டியில் பெரும் ஆத்மிக எழுப்புதல் உண்டாயிற்று. மெக்செயின் நவம்பரில் திரும்பியபோது, சபையைச் சார்ந்த 39 ஜெபக்கூட்டங்கள் வாரந்தோறும் நடந்துகொண்டிருந்தன. அவற்றுள் ஐந்தைக் குழந்தைகளே நடத்தி வந்தார்கள் என்று அவருடைய நண்பர் ஆண்ட்ரூ போனார் தாம் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் குறித்திருக்கிறார்.

தாம் இரவும் பகலும் வேண்டிநின்ற ஒன்று, தாம் தொலைவில் இருக்கையில், வேறொருவர் வாயிலாக நிறைவேறியதைக் கண்டு அந்த இளம் போதகர் மகிழ்ந்தார். அழுக்காறு கொள்ள அங்கே காரணம் இல்லாமலில்லை. அவரை நேசித்த சபையாரும் பர்ன்ஸை அந்நியராகக் கருதி ஒதுக்கவில்லை. போதகரை நேசிப்பதையும் போதகர் நேசித்த கடவுளைத் தேடுவதையும் அவர்கள் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளவில்லை.

பிரான்ஸ் நாட்டின் ஆர்ஸ் என்னும் சிற்றூரில் நிகழ்ந்தது வேறு வகையானது. 1818-இல் அங்கே பங்குத்தந்தையாக வந்த ஜான் மரிய வியான்னியைத் தேடி, காலப்போக்கில் நாடெங்குமிருந்து மக்கள் திரண்டார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்பதிலேயே அவருடைய நாளின் பெரும்பகுதி கழிந்தது. தனிமையில் ஜெபித்துத் தம் ஆன்மாவுக்காக அழ வேண்டும் என்ற ஏக்கம் அவரை விடவில்லை. 1843-இல் ஊரைவிட்டுச் சென்று, சில நாள்களில் திரும்பினார். 1853-இல் இரவோடிரவாகப் புறப்பட முயன்றபோது, செய்தி அறிந்த ஊரார் திரண்டு வழிமறித்தார்கள். அவர் தங்கினார், 1859-இல் இறக்கும்வரை அங்கேயே பணி செய்தார். இன்று பங்குத்தந்தையரின் பாதுகாவலராகக் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் போற்றுகிறது.

அவர் தங்கியது தியாகம் என்பதில் ஐயமில்லை. ஆனால் தடுத்தவர்கள் செய்தது நேரிய செயலா என்பது வேறு கேள்வி. எந்தத் தூய்மையை நாடி அவரைச் சூழ்ந்தார்களோ, அதன் ஊற்றுக்கண்ணுக்கே அவர் போகவொட்டாமல் நின்றார்கள். முப்பத்தைந்து ஆண்டுகளில், மாதத்தில் இரண்டு நாள்களாவது அவரைத் தனித்திருக்க விட்டிருந்தால், இரவில் ஒளிந்து புறப்பட வேண்டிய நிலை அந்த முதியவருக்கு வந்திருக்குமா? ரெவிதீமில் அமலேக்கியரோடு நடந்த போரின்போது மோசேயின் கைகளைத் தாங்கிய ஆரோனையும் ஊர் என்பவரையும் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். கைகளைத் தாங்குமுன் அவர் அமர்வதற்கு ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்தார்கள் என்பது ஏனோ அதிகம் பேசப்படுவதில்லை. களைப்பை முதலில் கண்டதால்தான் அந்தக் கல் வந்தது.

எனினும் போதகரை மக்களிடமிருந்து காப்பாற்றிவிடுவதும் தீர்வாகாது. 1843-இன் தொடக்கத்தில் டண்டியில் டைஃபஸ் காய்ச்சல் பரவியது. மெக்செயின் நோயாளிகளின் வீடுகளுக்குச் செல்வதை நிறுத்தவில்லை. நோய் அவரையும் தொற்றியது. சபையார் கூடி அவருக்காக மன்றாடினார்கள். மார்ச் 25-ஆம் நாள், முப்பது வயது நிறைவதற்குள் அவர் காலமானார். அந்த வீடுகளுக்குப் போக வேண்டாம் என்று சபையார் அவரைத் தடுத்திருக்க வேண்டும் என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் அதிகாலையில் முழங்காலில் நின்றதும் பகலில் அந்தப் படிகளில் ஏறியதும் அவருக்கு ஒரே வழிபாடாகத்தான் இருந்தன.