ஒத்திகையும் பொய்யும்

உயர்பதவிக்கான நேர்முகத் தேர்வுக்குப் பதில்களை மனனம் செய்துகொண்டு போவது பொய்யா? ஒத்திகை தன்னளவில் பொய்யல்ல. சிறந்த நடிகன் உணர்ச்சிவசப்படுவதில்லை என்பது, 1784இல் இறந்த தீதரோவின், 1830இல் அச்சேறிய உரையாடலின் வாதம். நடிகன் பாத்திரத்தை நம்புவதில்லை. திரை விழுந்ததும் தானாகத் திரும்பிவிடுகிறான்.

தேர்வுக்குப் போகிறவனுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ‘நெருக்கடியில் நீங்கள் எடுத்த முடிவு?’ என்ற கேள்விக்கு அவன் தன் கடந்தகாலத்தையே பாத்திரமாக்க வேண்டும். ஒரு வங்கியை எடுத்துக்கொள்வோம். அடமானப் பத்திரம் போலி என்று முதலில் சந்தேகப்பட்டவர் கடன் பிரிவுக் குமாஸ்தா. வில்லங்கச் சான்றிதழை ஒப்பிட்டு அதை நிரூபித்தவர் வக்கீல். மேனேஜர் கையெழுத்திட மறுத்தார், அவ்வளவே. ஆனால் ‘நாங்கள்’ என்றால் தேர்வுக்குழுவிடம் எடுபடாது. ‘நான்’ என்று மாற்றுகிறார். முதல் தடவை நா கூசுகிறது. பத்தாவது தடவை கூசுவதில்லை. பிறகு நினைவிலேயே அந்த அறையில் அவர் ஒருவர்தான் இருக்கிறார்.

பொய்யனுக்கு உண்மை தெரியும். நன்றாகத் தயாரானவனுக்கு அதுவும் தெரியாமல் போகிறது. ஆகவே ஒத்திகைக்கு முன்பாக ஒரு வேலை உண்டு: யார் எதைச் செய்தார்கள் என்று, குமாஸ்தாவின் பெயரோடு, தனக்காக ஒரு தாளில் எழுதிவைப்பது.