எளிமை யாருக்கு?

ஓர் இணையதளத்தில் பயனர் கண்ணால் பார்ப்பதும் விரலால் தொடுவதும் ஃப்ரண்ட்எண்ட். அதை எழுத ரியாக்ட், ஆங்குலர், வியூ, ஸ்வெல்ட் என்ற ஃப்ரேம்வொர்க்குகளில் (ஆயத்த நிரல் சட்டகங்களில்) எது வேண்டும், இல்லை பிரவுசரில் ஏற்கெனவே இருப்பதே போதுமா என்ற விவாதம் நிரலாளர்களிடையே பத்தாண்டுகளுக்கும் மேலாக ஓயாமல் நடக்கிறது. வேகத்தையும் வசதியையும் அளந்து பார்த்தால் தீர்ந்துவிடும் என்றால் அது எப்போதோ தீர்ந்திருக்கும். ஒரு கருவி நல்லது என்பதை எதைக் கொண்டு அறிவது, அதன் சுமையை யார் ஏற்பது என்ற கேள்விகள் அதற்குள் இருக்கின்றன. இவை தத்துவத்தின் கேள்விகள்.

2013 மே மாதம் ஃபேஸ்புக் ரியாக்டை வெளியிட்டபோது பலர் முகம் சுளித்தார்கள். கட்டமைப்புக்கு எச்டிஎம்எல், தோற்றத்துக்கு சிஎஸ்எஸ், நடத்தைக்கு ஜாவாஸ்கிரிப்ட், மூன்றும் தனித்தனிக் கோப்பில் இருக்க வேண்டும் என்பது அன்றைக்குக் கிட்டத்தட்ட ஆசாரம். ரியாக்டோ எச்டிஎம்எல் போன்ற குறிகளை ஜாவாஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதச் சொன்னது. அதே ஆண்டு ரியாக்ட் குழுவைச் சேர்ந்த பீட் ஹன்ட் ஒரு மாநாட்டு உரையில் இதற்குப் பதில் சொன்னார். கோப்புகளைப் பிரிப்பதால் மொழிகள்தான் பிரிகின்றன, பொறுப்புகள் பிரிவதில்லை என்பது அவர் வாதத்தின் சுருக்கம். ஒரு கடைத் தளத்தின் 'வாங்கு' பொத்தானை எடுத்துக்கொள்ளலாம். பொத்தானின் எழுத்து ஒரு கோப்பில், அழுத்தினால் நடப்பது இன்னொரு கோப்பில். சரக்கு தீர்ந்ததும் பொத்தான் மங்கி, எழுத்து மாற வேண்டுமென்றால் இரண்டையும் திறக்க வேண்டும். ஒன்றை மறந்தால் தீர்ந்துபோன சரக்கை விற்க நேரும். சேர்ந்தே மாறுபவை ஓரிடத்தில் இருக்கட்டும் என்றது ரியாக்ட்.

சில ஆண்டுகளில் அந்த முறை பொதுவழக்காகிவிட்டது. ஒரு கொள்கை இன்னொன்றை வெல்லும்போது விடைகள் மட்டுமல்ல, எவை கேள்விகள் என்பதே மாறிவிடுகிறது என்று அறிவியல் வரலாற்றாளர் தாமஸ் கூன் 1962இல் எழுதினார். ரியாக்ட் விஷயத்திலும் அதுதான் நடந்தது. இரு தரப்பும் ஒரே நிரலைத்தான் பார்த்தார்கள். ஒழுங்கின் அலகு எது என்பதில்தான் வேறுபட்டார்கள். எந்த வேகச் சோதனையும் அதைத் தீர்த்துவைத்திருக்க முடியாது.

ஒழுங்கின் அலகு எது என்பதைப் போலவே வேலையின் சாரம் எது என்பதும் அளந்து தீராத கேள்வி. அதற்கு ஃப்ரெட் புரூக்ஸின் 1986ஆம் ஆண்டுக் கட்டுரை இன்றும் உதவுகிறது. அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி அவர் மென்பொருளின் சிக்கல்களைச் சாரமானவை, தற்செயலானவை என்று இரண்டாகப் பிரித்தார். பக்கத்தின் நிலை நொடிக்கு நொடி மாறிக்கொண்டிருக்கும். திரை அதோடு ஒத்துப்போக வேண்டும். ஃப்ரண்ட்எண்டின் சாரமான சிக்கல் இதுதான், இதை எந்த ஃப்ரேம்வொர்க்கும் ஒழிக்க முடியாது. எழுதிய நிரலைப் பிரவுசருக்கேற்பத் தயாரிக்கும் பில்ட் கருவியின் அமைப்புக் கோப்புகள், பதிப்பு மோதல்கள், பெயர் தெரியாதவர்கள் எழுதிய நூற்றுக்கணக்கான சார்புத் தொகுப்புகள் எல்லாம் தற்செயலானவை. 2016 மார்ச்சில் ஒரு நிரலாளர் ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளைப் பகிரும் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து தன் தொகுப்புகளை விலக்கிக்கொண்டார். அவற்றில் ஒன்றான லெஃப்ட்-பேட் வெறும் 11 வரி. ஒரு சொல்லின் இடப்பக்கம் இடைவெளியோ பூஜ்யமோ சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. அது இல்லாமல் உலகெங்கும் பில்டுகள் முறிந்தன. சில மணி நேரத்தில் அது மீட்கப்பட்டது. ஆனால் ஃப்ரண்ட்எண்ட் துறை படும் பாட்டில் பெரும்பங்கு தானாகத் தேடிக்கொண்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஒரு கருவி நல்லது என்பதை எதைக் கொண்டு அறிவது? அறிவதற்குச் சைவ சித்தாந்தம் காட்சி (நேரில் காண்பது), கருதல் (ஊகிப்பது), உரை (அறிந்தவர் சொல்) என்ற அளவைகளைத் தருகிறது. ஃப்ரேம்வொர்க் விவாதத்தில் காட்சி அரிது. ஒரே செயலியை இரண்டு கருவிகளில் எழுதி, ஐந்தாண்டு பராமரித்து ஒப்பிட்டவர்கள் மிகச் சிலர். வேகச் சோதனைகள் கருதலின் பாற்பட்டவை. ஆயிரம் வரிசை கொண்ட அட்டவணையை ஒரு கருவி வேகமாக வரைகிறது என்பதிலிருந்து மருத்துவமனை முன்பதிவுப் படிவத்துக்கும் அதுவே ஏற்றது என்று முடிவுகட்ட இடையில் பல படிகள் வேண்டும். எஞ்சுவது உரை. பெரிய நிறுவனம் பயன்படுத்துகிறது, ஆண்டுதோறும் வரும் ஆய்வில் முன்னணியில் இருக்கிறது, அனுபவசாலி ஒருவர் சொன்னார் என்பவைதான் பெரும்பாலான தேர்வுகளைத் தீர்மானிக்கின்றன. உரை இழிவானதல்ல, ஆனால் சொல்பவர் பொருளை அறிந்தவராக இருக்க வேண்டும் என்பது பழைய நிபந்தனை. ஃபேஸ்புக் தன் சிக்கலை நன்கு அறியும். பத்துப் பக்கம் கொண்ட ஒரு பள்ளித் தளத்தின் சிக்கலை அறிந்து அது பேசவில்லை. வேலை கிடைக்கும், ஆள் கிடைக்கும் என்பதற்காக ரியாக்டைத் தேர்பவர்களைப் பழிக்கவும் கூடாது. பிழைப்பு நியாயமான காரணம்தான். அதைத் தொழில்நுட்பக் காரணமாகச் சொல்வதில்தான் பிழை.

ஒரு கருவியைத் தேர்வது அதன் ஆசிரியர்களின் வாக்குறுதியை நம்புவதும்கூட. கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ் 2010இல் வந்தது. 2016 செப்டம்பரில் வந்த ஆங்குலர் 2 முந்தையதோடு ஒத்துப்போகாத வேறு கருவி. பழையதில் எழுதியவர்கள் ஏறத்தாழ முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது. பழையதற்கான ஆதரவு 2021 முடிவோடு நின்றது. பிரவுசர்களின் மரபு இதற்கு நேர்மாறு. ஜாவாஸ்கிரிப்டில் பட்டியல்களைத் தட்டையாக்க 'ஃப்ளாட்டன்' என்ற வசதியைச் சேர்க்க முயன்றபோது, மூடூல்ஸ் என்ற பழைய லைப்ரரி அதே பெயரில் தனக்கொன்று வைத்திருந்தது தெரியவந்தது. சேர்த்தால் அந்த லைப்ரரியில் ஓடும் பழைய தளங்கள் உடையும். 2018இல் மொழிக் குழு புதிய வசதியின் பெயரை 'ஃப்ளாட்' என்று மாற்றிக்கொண்டது. யாரோ எப்போதோ எழுதி மறந்துவிட்ட பக்கங்களுக்காக ஒரு மொழியே வழிவிட்டது. ஃப்ரேம்வொர்க் எழுதுபவர்களிடம் இந்தப் பண்பை இன்னும் உரக்கக் கேட்க வேண்டும்.

சுமை யாருடையது என்பது ரியாக்டையும் ஸ்வெல்ட்டையும் ஒப்பிட்டால் துலங்கும். ரியாக்டில் ஓர் எண் மாறினால், அந்தப் பகுதியின் நிரல் மீண்டும் ஓடி, திரையின் புதிய வரைவை உருவாக்கி, பழையதோடு ஒப்பிட்டு, வேறுபாட்டை மட்டும் திரையில் எழுதும். அத்தனையும் பயனரின் போனில் நடக்கிறது. ரிச் ஹாரிஸ் 2016இல் வெளியிட்ட ஸ்வெல்ட், எந்த எண் மாறினால் எந்த எழுத்து மாறும் என்பதை நிரலாளரின் கணினியிலேயே முன்கூட்டிக் கண்டுபிடித்து, அதற்கு மட்டுமான நிரலை அனுப்புகிறது. எழுதுபவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே எளிமை. வேலை நடக்கும் இடம்தான் வேறு. 2020இல் வந்த எச்டிஎம்எக்ஸ் இன்னும் ஒரு படி பின்வாங்கி, ஆயத்தமான எச்டிஎம்எல்லையே சர்வரிலிருந்து வாங்கிப் பக்கத்தில் பொருத்துகிறது.

எந்த ஃப்ரேம்வொர்க்கானாலும் ஜாவாஸ்கிரிப்டின் எடை படத்தின் எடை போன்றதல்ல. 200 கிலோபைட் படத்தைப் போன் விரித்துக் காட்டிவிட்டு ஓய்ந்துவிடும். அதே அளவு ஜாவாஸ்கிரிப்டைப் படித்து, தொகுத்து, இயக்க வேண்டும். அதுவரை திரையைத் தொட்டாலும் பதில் வராது. சர்வரில் வரைந்து அனுப்பும் பக்கங்களில் பொத்தான் முதலிலேயே கண்ணில் படும். ஆனால் அதற்கு உயிரூட்டும் நிரல் ஓடி முடிக்கும்வரை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. மலிவு போன் வைத்திருப்பவர் மூன்று முறை அழுத்திவிட்டுத் தன் விரலையே சந்தேகிக்கிறார். புதிய போனும் அலுவலக இணைப்பும் வைத்திருக்கும் நிரலாளருக்கு இது தெரிய வழியே இல்லை.

எச்டிஎம்எல்லை வகுத்தவர்கள் இதற்கு ஒரு வரிசை எழுதி வைத்திருக்கிறார்கள். நலன்கள் மோதும்போது பயனர் முதலில். அடுத்துப் பக்கம் எழுதுபவர், பிறகு பிரவுசர் செய்பவர், பிறகு தரநிலை எழுதுபவர், கடைசியாகக் கோட்பாட்டுத் தூய்மை. ஃப்ரேம்வொர்க் விவாதங்கள் பெரும்பாலும் இரண்டாமிடத்தவரின் வசதியிலும் கடைசி இடத்துத் தூய்மையிலுமே நின்றுவிடுகின்றன. வரைபடம், விரிதாள், பலர் சேர்ந்து எழுதும் ஆவணம் போன்றவற்றுக்கு ஃப்ரேம்வொர்க் தன் எடைக்கு ஈடு செய்கிறது. படிக்கவும் படிவம் நிரப்பவும் மட்டுமேயான தளத்துக்கு அது தேவை என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அந்த நிரூபணத்தை அலுவலக மடிக்கணினியில் காட்ட வேண்டாம். பயனர்களிடம் இருப்பதிலேயே மலிவான போனில், செல்போன் சிக்னலில் காட்டட்டும்.