வாயைத் திறக்கும் நேரம்

நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிறுகதை எழுத விரும்பி, சாமானிய மக்களின் வாழ்விலிருந்து ஒரு கரு தரும்படி நம்மைக் கேட்டார். அதற்காகக் கல்வராயன் மலை ஏற வேண்டியதில்லை, கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலேயே இருக்கிறது என்றோம்.

2024 ஜூன் மாதத்தில் அங்கே விஷச் சாராயம் அருந்தி அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பலர் அன்றாடக் கூலிகள், பெண்களும் இருந்தனர். விற்றவர்களின் குற்றம் நீதிமன்றத்துக்கு உரியது; அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. நாம் எண்ணுவது வேறொன்று. சாராயத்தில் கலந்த மெத்தனால் குடித்தவுடனே கொல்வதில்லை. பல மணி நேரம் சென்றபின், உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறி, வயிற்றைப் பிசைகிறது. கண்ணை மங்கச் செய்கிறது. காலத்தோடு மருத்துவமனை சேர்ந்து, இன்னது குடித்தேன் என்று சொன்னால் மாற்று மருந்து உண்டு.

அந்த இடைவெளியில்தான் கதை. நள்ளிரவு. ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரளுகிறான். "என்னய்யா பண்ணுது?" என்கிறாள் மனைவி. இனித் தொடமாட்டேன் என்று பிள்ளையின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சொல்வானா, "ஒண்ணுமில்ல, சூடு" என்பானா?

முழு அறிவும் முழுச் சம்மதமும் இருந்தால்தான் சாவான பாவம் என்று குருமடத்தில் பயின்றோம். பழக்கமும் அச்சமும் பொறுப்பைக் குறைக்கும் என்பதும் திருச்சபையின் போதனையே. பாடம் தெளிவானது. ஆனால் அந்த இரவில் அவன் வாயை அடைக்கும் அச்சத்தை அவனுக்குள் வைத்தவர் யார்?

இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் என அரசு அறிவித்தபோது, "குடித்துச் செத்தவனுக்கு இவ்வளவா?" என்று திருப்பலி முடிந்து கோயில் வாசலில் பேசிக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால், நமது உள்ளமும் பாதி இசைந்தது. சீலோவாம் கோபுரம் விழுந்து மடிந்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளோ என ஆண்டவர் வினவியது (லூக்கா 13) அன்று மாலைச் செபத்தில்தான் நினைவுக்கு வந்தது. தவக்காலந்தோறும் குடிக்கு எதிராக நாம் முழங்கிய பிரசங்கங்களும் கூடவே வந்தன. குடிப்பவர்கள் அவற்றைக் கேட்கக் கோயிலில் இருப்பதில்லை. அவர்களுடைய மனைவியரே முன்வரிசையில் அமர்ந்திருப்பர். வெட்கத்தை வீட்டுக்குச் சுமந்து சென்றவர்கள் அவர்கள்தாம்.

இளைஞர் கதையை எழுதிக் கொண்டுவந்தார். அதில் கணவன் சொல்லிவிடுகிறான். "கண்ணு தெரியுதா?" என்று கேட்டபடியே மனைவி ஆட்டோக்காரர் வீட்டுக் கதவைத் தட்ட ஓடுகிறாள். ஒரு வார்த்தை திட்டமாட்டாளா, நம்பும்படி இல்லையே என்றோம்.

"திட்டிக்கொண்டேதான் ஓடுகிறாள், சாமி. அடுத்த பக்கத்தைப் பாருங்கள்" என்றார்.